சோத்தாங்கை, பீச்சாங்கை

தீபாவளிக்கு முந்தைய வாரம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நிற்க இடமில்லை. பலகாரக் கடை வாசலில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று முறுக்குக்குக் கை நீட்டுகிறது. நீட்டியது இடது கை. கடைக்காரர் கொடுப்பதற்குள் அம்மா அந்தக் கையைத் தட்டிவிடுகிறார். "பீச்சாங்கைய நீட்டாத. சோத்தாங்கையால வாங்கு." பிள்ளை கையை மாற்றுகிறது. முறுக்கு கிடைக்கிறது. கூட்டம் நகர்கிறது. இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். அதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

அந்தப் பிள்ளை இடது கையை எங்கே தேர்ந்தெடுத்தது? வட அயர்லாந்தில் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளர் கருவிலிருக்கும் குழந்தைகளை ஒலியலைக் கருவி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது வாரத்திலேயே சிசுக்கள் கட்டைவிரல் சூப்பின. பெரும்பாலானவை வலது விரலை, சில இடது விரலை. அவர்களில் 75 பேரைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மீண்டும் தேடிப் பார்த்தார். கருவில் வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கையர். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர், 5 பேர் வலக்கையர். வலது பக்கம் சாய்ந்து பிறந்தவர்களில் ஒருவர்கூட மாறவில்லை. இடது பக்கம் சாய்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் மாறியிருந்தார். உலகம் வலக்கையர்களுக்காக அமைந்திருப்பதால் மாறினார்களா, உடலின் போக்கிலேயே மாறினார்களா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. தொடக்கம் கருவறையில் என்பதை மட்டும் சொல்லும்.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் 1986இல் பத்து லட்சத்துக்கும் அதிகமானோரிடம் எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்று ஒரு பத்திரிகை கேட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களில் இடக்கையால் எழுதியவர்கள் மிகக் குறைவு; நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர்களில் அவர்களின் பங்கு இரண்டு மூன்று மடங்காகி, நூற்றுக்குப் பன்னிரண்டை நெருங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் மனித மூளை மாறிவிடாது. இடையில் மாறியது ஆசிரியரின் பிரம்புதான். அடி நின்றதும் ஏற்கெனவே இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். எல்லாரும் தெரிந்த பிறகு எண்ணிக்கை ஏறவில்லை.

ஈர்ப்பைப் பற்றிய பேச்சைக் கையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கனடா ஆய்வாளர்கள் மூவர் 2000ஆம் ஆண்டில் இருபது ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 7,000 தன்பாலீர்ப்பாளர்கள், 16,000க்கும் மேற்பட்ட எதிர்பாலீர்ப்பாளர்கள். தன்பாலீர்ப்பு உள்ள ஆண்கள் இடக்கையராகவோ இரு கையும் பழகியவராகவோ இருக்கும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட 34 விழுக்காடு அதிகம். பெண்களில் 91 விழுக்காடு. எந்தக் கை என்பதும் யார் மேல் ஈர்ப்பு என்பதும் கருவளர்ச்சியின் ஏதோ ஒரு கட்டத்தில் அக்கம்பக்கத்தில் தீர்மானமாகின்றன என்பதற்கு இது ஒரு தடயம். ஆகவே அந்தப் பிள்ளையின் கையை இந்த அத்தியாயம் முழுக்க நான் விடப்போவதில்லை.

*

முதலில் சொல்லைப் பார்ப்போம். மலேசியத் தமிழ் நாளிதழ்களில் நெடுங்காலமாக வழங்கிவந்த சொல் ஓரினச்சேர்க்கை. 1998இல் ஓர் அரசியல் தலைவர்மீது வழக்கு வந்தபோது எங்கள் வீடுகளுக்குள் இந்தச் சொல் நாள்தோறும் காலையில் வந்து விழுந்தது. பெரியவர்கள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த விஷயத்துக்குக் கற்றுக்கொண்ட முதல் சொல்லே குற்றச் செய்தியிலிருந்து வந்தது.

சேர்க்கை என்பது செயல். தன்பாலீர்ப்பு என்ற சொல்லில் இருப்பது ஈர்ப்பு. முதல் சொல் கட்டிலில் நடப்பதைச் சொல்கிறது. இரண்டாவது, பன்னிரண்டு வயதில் வகுப்பறையின் மூன்றாவது வரிசையைப் பார்த்துக் காரணம் தெரியாமல் நெஞ்சு படபடத்ததைச் சொல்கிறது. ஆய்வாளர்கள் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் பிரித்து வைப்பார்கள்: அடையாளம், அதாவது ஒருவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது. ஈர்ப்பு, செயல், அடையாளம் மூன்றும் ஒரே ஆளிடம் மூன்று திசையில் நிற்கலாம். செயலே இல்லாமல் வாழ்நாள் முழுக்க ஈர்ப்பு இருக்கலாம். ஈர்ப்பு இல்லாமல் செயல் நிகழலாம். இரண்டும் இருந்தும் அடையாளத்தை வாய்திறந்து சொல்லாமலே ஒருவர் பேரன் பேத்தி எடுத்துவிடலாம். இயற்கையா சமூகமா என்று சண்டை பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் எதைப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிக்கொள்வதில்லை.

சட்டம் செயலை மட்டும் பார்த்தது. மெக்காலே தொடங்கிவைத்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதன் 377ஆம் பிரிவு இயற்கையின் ஒழுங்குக்கு மாறான உடலுறவு என்று ஒன்றைக் குற்றமாக்கியது. அதே சட்டம் 1871இல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. பிறகு மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. நம் பாட்டன்மார் எந்தக் கடல் வழியாகத் தோட்டங்களுக்கு ஏற்றிவரப்பட்டார்களோ அதே கடல் வழியாக, அதே ஆட்சியின் பெட்டியில் அந்தப் பிரிவும் வந்து இறங்கியது. இன்று மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அது 377ஏ, 377பி என்று நிற்கிறது: இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் ஷரியா சட்டம் பொருந்தாது. இந்தப் பிரிவு எல்லாருக்கும் பொருந்தும்.

இயற்கையின் ஒழுங்கு என்று சட்டம் சொல்வதால் இயற்கையிடமே கேட்டுவிடலாம். வீட்டு ஆடுகளில் கிடாக்களைச் சோதித்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு கிடாக்கள் பெட்டைகள் பக்கத்தில் நின்றாலும் கிடாக்களையே நாடுவதைக் கண்டார்கள். அந்தக் கிடாக்களுக்கு யாரும் தவறான படம் காட்டவில்லை. அமெரிக்காவின் ஓரிகனில் சார்லஸ் ரோசெல்லி குழு 2004இல் அவற்றின் மூளையைப் பார்த்தபோது, ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள ஒரு நரம்புத் திரள் பெட்டையை நாடும் கிடாக்களில் பெரிதாகவும் கிடாவை நாடும் கிடாக்களில் ஏறத்தாழ அதில் பாதியாகவும் இருந்தது. மனிதரில் இதற்கு இணையான ஒன்றை 1991இல் சைமன் லெவே 41 இறந்தவர்களின் மூளைகளில் அறிவித்திருந்தார். அவர் பார்த்த தன்பாலீர்ப்பு ஆண்கள் அனைவரும் எய்ட்ஸால் இறந்தவர்கள். மூளையின் வேறுபாடு காரணமா விளைவா என்பதும் தெரியாது. அதனால் அந்த ஆய்வின்மேல் நான் அதிகம் சாய்வதில்லை. கிடாக்களின் சாட்சி அதைவிடத் தெளிவானது.

*

பெற்றோர் கேட்கும் கேள்வி இதுவல்ல. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கப்பாரிலும் மகன் வாய்திறந்து சொன்ன அன்றிரவு அம்மா தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: என் வளர்ப்பில் என்ன தப்பு? அப்பா வேலை வேலை என்று வீட்டில் இல்லாததாலா? அக்காமார் மூவரோடு ஒரே பிள்ளையாக வளர்ந்ததாலா? விடுதியில் சேர்த்ததாலா? நான் அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்தேனா? இந்தக் கேள்விக்கு அறிவியலிடம் நல்ல பதில் இருக்கிறது. அது அம்மாக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

வளர்ப்பு ஈர்ப்பைத் தீர்மானிக்கும் என்றால் அதைச் சோதிக்க எந்த மருத்துவரும் செய்யத் துணியாத ஒரு பரிசோதனை வேண்டும்: ஆண் குழந்தையைப் பிறந்ததிலிருந்தே பெண் என்று நம்பவைத்து வளர்க்க வேண்டும். கொடுமை என்னவென்றால் அது நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிறவிக் குறைபாட்டாலோ அறுவைச் சிகிச்சை விபத்தாலோ ஆண்குறி இல்லாமல்போன சில குழந்தைகளை மேலை நாட்டு மருத்துவர்கள் பெண்களாக மாற்றி, பெண் பெயர் சூட்டி, பாவாடை கட்டி வளர்க்கச் சொன்னார்கள். கனடாவின் டேவிட் ரைமர் அவர்களில் ஒருவர். உண்மை தெரிந்ததும் பதின்ம வயதிலேயே ஆணாகத் திரும்பினார், பெண்ணை மணந்தார், 2004இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இப்படி வளர்க்கப்பட்டு, ஈர்ப்பு பற்றிய விவரம் பதிவான ஏழு பேரை மைக்கேல் பெய்லியும் சக ஆய்வாளர்களும் 2016இல் தொகுத்தார்கள். ஏழு பேருக்கும் பெண்கள்மேல்தான் ஈர்ப்பு. ஏழு என்பது சிறிய எண். ஆனால் பெயர், உடை, பொம்மை, அம்மாவின் பேச்சு என்று அத்தனையும் ஒரு திசையில் தள்ளியும் ஒருவர்கூட அந்தத் திசையில் போகவில்லை என்பது சிறிய விஷயமல்ல.

மறுபக்கமும் பார்க்கலாம். பிரிட்டனில் சூசன் கோலம்பாக்கும் பியோனா டாஸ்கரும் தன்பாலீர்ப்புத் தாய்மார் வளர்த்த பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்து வாலிபம் வரை பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் எதிர்பாலீர்ப்பாளர்களாகவே வளர்ந்தார்கள். பார்த்துப் பழகி ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்கு இதுதான் பதில். பப்புவா நியூ கினியில் கில்பர்ட் ஹெர்ட் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்த, சாம்பியா என்று அவர் புனைபெயரிட்ட மக்களிடம், சிறுவர்கள் எல்லாரும் மூத்த இளைஞர்களோடு பல ஆண்டுகள் உடல்சார்ந்த ஒரு சடங்கில் ஈடுபட்டாக வேண்டும். ஆணாக வளர அது தேவை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சிறுவர்கள் பெரியவர்களானதும் மிகப் பெரும்பாலோர் பெண்ணை மணந்து, பெண்ணையே விரும்பி வாழ்ந்தார்கள். ஒரு சமூகம் தன் எல்லா ஆண்பிள்ளைகளையும் ஒரு செயலுக்குப் பழக்க முடிந்தது. ஈர்ப்பைப் பழக்க முடியவில்லை.

*

அப்படியானால் எது? கையில் இருக்கும் தடயங்களில் எனக்கு மிக வலுவாகத் தோன்றுவது அண்ணன்மார் கணக்கு. ரே பிளாஞ்சர்டும் அந்தோனி போகார்ட்டும் 1996இல் கனடாவில் கண்டது: ஓர் ஆணுக்கு ஒரே தாய் வயிற்றில் பிறந்த ஒவ்வோர் அண்ணனுக்கும், அவருக்குத் தன்பாலீர்ப்பு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அக்காமாரால் அப்படிக் கூடவில்லை. மூன்று அக்காவோடு வளர்ந்ததால் இப்படி ஆனான் என்ற வீட்டுத் தீர்ப்பை இந்தக் கணக்கு தாங்கவில்லை.

அண்ணன்களோடு சேர்ந்து வளர்வதால் இது நேர்கிறதா? போகார்ட் 2006இல் 944 ஆண்களை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். தத்தெடுத்த வீட்டில் எத்தனை அண்ணன்களோடு வளர்ந்தாலும் விளைவு இல்லை. ஒரே தாய்க்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த அண்ணன்கள், முகமே பார்த்திராதவர்களாக இருந்தாலும், கணக்கில் சேர்கிறார்கள். ஆகவே விஷயம் வீட்டில் இல்லை. அதே வயிற்றில் முன்பு குடியிருந்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது.

தாயின் உடல் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? ஆண் கருவில் ஒய் நிறமூர்த்தம் ஆக்கும் சில புரதங்கள் தாய்க்கு அந்நியமானவை. பேறுகாலத்தில் கருவின் அணுக்கள் சிறிது தாயின் இரத்தத்தில் கலக்கும்போது அவளுடைய எதிர்ப்புச் சக்தி அவற்றை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்துவைக்கலாம். அடுத்த ஆண் கருவுக்கு அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று, மூளை உருவாகும் இடத்தில் ஏதோ ஒன்றை மெல்ல மாற்றலாம். ஆர்எச் இரத்த வகை பொருந்தாத தாய்க்கு அடுத்த பேற்றைக் காக்க முன்கூட்டியே ஊசி போடச் சொல்வார்களே, ஏறத்தாழ அதே தர்க்கம். 2018இல் போகார்ட் குழு தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தது. தன்பாலீர்ப்பு மகன் உள்ள தாய்மாரிடம், அதிலும் அந்த மகனுக்கு அண்ணன்மார் இருந்தவர்களிடம், மூளையில் செயல்படும் ஒய்வழிப் புரதம் ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தது. மாதிரி சிறியது, புள்ளியியலாளர்களில் சிலர் அண்ணன்மார் கணக்கின் அளவையே மறுபரிசீலனை செய்யச் சொல்கிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது.

இதை அளவோடு புரிந்துகொள்வது முக்கியம். அண்ணன் இல்லாத ஆண்களில் நூற்றுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால், ஓர் அண்ணன் உள்ளவர்களில் 2.6, இரண்டு அண்ணன் உள்ளவர்களில் 3.5, மூன்று அண்ணன் உள்ளவர்களில் 4.6. நாலாவது ஆண்பிள்ளைகளில்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலானவர்கள் எதிர்பாலீர்ப்பாளர்களே. தன்பாலீர்ப்பு ஆண்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு மட்டும் அண்ணன்மார் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. மீதி ஆறு பேருக்கு வேறு வழிகள். பாட்டி காலத்துத் தோட்ட லயங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் சாதாரணம்; கடைக்குட்டிக்கு நாலு அண்ணன் இருப்பது அதிசயமில்லை. அந்த லயங்களில் எத்தனை கடைக்குட்டிகள் கல்யாணமே வேண்டாமென்று சாமி பக்கம் போனார்கள், எத்தனை பேர் பட்டணத்துக்குப் போய்த் திரும்பாமலே இருந்தார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை.

இதைப் படிக்கும் தாய் ஒருத்தி, அப்படியானால் என் இரத்தம்தான் காரணமா என்று மறுபடியும் தன்னையே நோகக் கூடாது. எதிர்ப்பொருள் குற்றமல்ல. அவள் அறியாமல், அவள் உடல் எல்லாத் தாய்மாரின் உடலும் செய்யும் காவல் வேலையைச் செய்தது.

*

மரபணு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையரில் ஒருவருக்குத் தன்பாலீர்ப்பு இருந்தால் மற்றவருக்கும் இருக்க வேண்டுமே. விளம்பரம் செய்து ஆள் சேர்த்த முதல் ஆய்வுகளில் பாதிப் பேர் ஒத்துப்போனார்கள். ஆஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டை வைத்து 2000இல் ஒழுங்காகச் செய்தபோது அது ஐந்தில் ஒருவர் என்று இறங்கியது. சுவீடனில் 2010இல் 3,826 இரட்டை ஜோடிகளை வைத்துச் செய்த கணக்கில், ஆண்களிடையே காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றுத் தாண்டியது. பெண்களிடையே ஐந்தில் ஒன்றுக்குக் கீழே.

மீதி எல்லாம் சூழல் என்று அந்தக் கட்டுரைகள் சொல்லும். இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. சூழல் என்று கேட்டதும் நாம் வளர்ப்பு, நட்பு, சினிமா, கைப்பேசி என்று நினைத்துக்கொள்கிறோம். புள்ளியியலில் சூழல் என்பது மரபல்லாத எல்லாவற்றையும் கொட்டிவைக்கும் கூடை. அதற்குள் இரண்டு அறைகள். ஒன்று, இரட்டையர் இருவருக்கும் பொதுவானது: ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே கோயில், ஒரே பள்ளி. மற்றொன்று, ஒருவருக்கு மட்டும் நேர்வது: கருவறையில் கிடந்த இடம், கிடைத்த இரத்தம், மூளை வளரும்போது நிகழும் தற்செயல்கள். சுவீடன் ஆண்களில் முதல் அறையின் பங்கு பூஜ்யம். அம்மா குற்ற உணர்ச்சியோடு தேடிக்கொண்டிருப்பது அந்த முதல் அறையில்தான். ஆண்களைப் பொறுத்தவரை அது காலி. பெண்களில் மட்டும் சிறிதளவு இருக்கிறது.

2019இல் ஆண்ட்ரியா கன்னா தலைமையில் 4,77,522 பேரின் மரபணுத் தொகுதியை அலசிய ஆய்வு வந்தது. ஐந்து இடங்கள் புள்ளியியல்படி தேறின. ஒன்று முகர்வு சார்ந்த மரபணுக்களுக்கு அருகில், மற்றொன்று ஆண்களின் வழுக்கையோடு தொடர்புடைய பகுதியில். சிறு சிறு வேறுபாடுகள் அனைத்தையும் கூட்டினாலும் விளக்க முடிந்தது 8 முதல் 25 விழுக்காடு. ஒருவரின் மரபணுவைப் பார்த்து அவர் ஈர்ப்பைச் சொல்லிவிட முடியாது. இரண்டு குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன். அந்த அலசலில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் மட்டும். தமிழர், மலாய்க்காரர், சீனர் எவரும் கணக்கில் இல்லை. அடுத்தது இன்னும் முக்கியம்: அவர்கள் அளந்தது ஈர்ப்பை அல்ல. தன் பாலினத்தவரோடு எப்போதாவது உறவு கொண்டதுண்டா என்பதே கேள்வி. அதாவது சேர்க்கை. பதில் சொன்னவர்களில் பெரும் பகுதியினர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பிரிட்டன் மக்கள். அவர்களில் மூத்தவர்கள் வாலிபராக இருந்தபோது, 1967 வரை, ஆண்களுக்கு அது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். இளையவர்களில் ஆம் என்றவர்கள் அதிகம், மூத்தவர்களில் குறைவு. மரபணுவைத் தேடிப் போன ஆய்வின் அடித்தளத்திலேயே சட்டத்தின் தடம் பதிந்திருக்கிறது. பிரம்பு நின்ற பிறகு இடக்கையர் கூடிய அதே கோடு.

பெண்களைப் பற்றி இன்னும் அதிகம் எழுத வேண்டும், ஆய்வுகள் போதவில்லை. லிசா டயமண்ட் அமெரிக்காவில் எண்பது பெண்கள் அளவில் பத்தாண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் தம்மைக் குறிக்கும் சொல்லை ஒரு முறையாவது மாற்றிக்கொண்டார்கள். இதைக் காட்டி, பார், மாற்ற முடியும் என்கிறார்கள் சிலர். தானாக நெகிழ்வது வேறு, பிறர் வளைப்பது வேறு என்று டயமண்டே பலமுறை சொல்லிவிட்டார்.

*

சமூகம் ஈர்ப்பைச் செய்வதில்லை என்றால் அது எதைச் செய்கிறது? ஏராளமாகச் செய்கிறது. பெயரைக் கொடுக்கிறது, இடத்தைக் கொடுக்கிறது அல்லது பறிக்கிறது, விலையை நிர்ணயிக்கிறது.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பேடியை உயர்திணைக்குள் வைத்து, அதற்கு வினை எப்படி முடிய வேண்டும் என்று விதி செய்தது. சிலப்பதிகாரத்தின் பதினோர் ஆடலில் பேடு ஒன்று. பாலின அடையாளமும் ஈர்ப்பும் வேறு வேறு என்றாலும், பழந்தமிழ் இலக்கணம் இப்படிப்பட்டவர்களை மனிதர் கணக்கிலிருந்து வெளியேற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் பள்ளித் திடல்களில் இன்று வழங்கும் பொண்டான், ஒன்பது என்ற வசைச்சொற்களை அந்த இலக்கணம் தரவில்லை.

2011இல் திரெங்கானு மாநிலம் பெசுட்டில், நளினமாக நடந்துகொள்வதாக ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 மாணவர்கள் ஆண்மைப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார்கள். மறு ஆண்டு பெற்றோர்களுக்கான கருத்தரங்குகளில் தன்பாலீர்ப்பின் அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் சுற்றியது: கழுத்து இறங்கிய சட்டை, கையில்லாச் சட்டை, பெரிய கைப்பை. 2018இல் ஒரு மலாய் நாளிதழ் இன்னொரு பட்டியலை அச்சிட்டது. சிறுவயதில் நளினமாக இருந்த ஆண்பிள்ளைகளில் கணிசமானவர்கள் பின்னாளில் தன்பாலீர்ப்பாளர்களாக இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நளினத்தை அடக்கினால் ஈர்ப்பு அடங்கும் என்பதற்குச் சான்றே இல்லை. முகாமிலிருந்து பிள்ளை கற்றுவருவது நடையை மாற்றவும் மறைக்கவும்தான். முறுக்கு வாங்கிய பிள்ளை கையை மாற்றியது போல.

மறைப்பதற்கு உடல் விலை கொடுக்கிறது. மார்க் ஹாட்சன்பூலர் குழு அமெரிக்காவில் ஒரே மக்களை 2001-02இலும் 2004-05இலும் ஆராய்ந்தது. இடைப்பட்ட காலத்தில் சில மாநிலங்கள் தன்பால் திருமணத்துக்குத் தடை கொண்டுவந்தன. அந்த மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளரிடையே மனச்சோர்வு சார்ந்த நோய்கள் 36.6 விழுக்காடு கூடின. சட்டம் ஒருவருடைய ஈர்ப்பை மயிரிழையும் நகர்த்தவில்லை. தூக்கத்தை நகர்த்தியது.

கிள்ளான் பள்ளத்தாக்கு இந்த விலையை ஓரளவு குறைத்துத் தரும் இடம். தைப்பிங்கிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் இளைஞரை யார் மகன், எந்தத் தோட்டம் என்று விசாரிக்க ஆளில்லை. 1987இல் கோலாலம்பூரில் பிங்க் டிரையாங்கிள் என்ற பெயரில் தொலைபேசி ஆலோசனைச் சேவை தொடங்கியது. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்ட அடுத்த ஆண்டு அது. முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல் பேச ஒரு கம்பி. இன்று அது பிடி அறவாரியம். 2008 முதல் சென்ட்ரல் மார்க்கெட் பக்கத்தில் செக்ஸுவாலிட்டி மெர்டேக்கா என்ற விழா ஆண்டுதோறும் நடந்தது; 2011இல் காவல்துறை தடை செய்தது. நகரம் ஒரு கதவைத் திறக்கும், பிறகு மூடும். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், கிள்ளானும் அடங்கிய சிலாங்கூர் மாநிலத்தின் ஷரியா சட்டத்தில் இயற்கைக்கு மாறான உடலுறவைக் குற்றமாக்கிய பிரிவைச் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்த்தது. காரணம் மனித உரிமை அல்ல. அந்தக் குற்றம் ஏற்கெனவே கூட்டரசுச் சட்டத்தின் கையில் இருப்பதால் மாநிலத்துக்கு அதில் அதிகாரமில்லை என்பதே. கூட்டரசுச் சட்டத்தின் அந்தக் கை 1860இல் நீண்ட அதே கை.

நம் வீடுகளின் மருந்து வேறு. "ஒரு கால்கட்டுப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பெண்கள் காரணம் தெரியாமல் கட்டிலின் ஒரு பக்கத்தில் படுத்துத் தங்கள் அழகையும் ராசியையும் சந்தேகித்துக்கொண்டு வயதாகியிருப்பார்கள்! கால்கட்டு இரண்டு பேர் காலில் விழுகிறது. தன்பாலீர்ப்புப் பெண்ணுக்கு நிலைமை இன்னும் கடுமை; அவள் சம்மதத்தைக் கேட்கும் வழக்கமே பல வீடுகளில் இல்லை. ஈர்ப்பை மாற்ற முடியும் என்பதற்கு அறிவியல் சான்று கிடையாது, மாற்ற முயல்வது தீங்கு என்று உலக மனநல மருத்துவர் சங்கம் 2016இல் அறிக்கை வெளியிட்டது. அப்போது அதன் தலைவர் தினேஷ் புக்ரா, இந்தியாவில் பிறந்த மருத்துவர். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தன் 377ஆம் பிரிவைத் தளர்த்தி, விரும்பிய இரு வயதுவந்தோரிடையே நடப்பது குற்றமல்ல என்றது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நீக்கியது. ஒரே ஆட்சி விட்டுச்சென்ற சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன.

சென்னையில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்பி, பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்து, உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பிய நீதிபதி, இந்த விஷயம் தனக்கும் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். புரியாமல் தீர்ப்பு எழுத மாட்டேன் என்று தானே ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு, எதிரே அமர்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில், ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை வந்தது. காவல்துறை இத்தகைய இணைகளை எப்படி நடத்த வேண்டும் என்பதும் வந்தது. நீதி இருக்கையில் இருந்தவர் தன் அறியாமையைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுக் கற்கப் போனதை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இளம்பெண்களின் பெற்றோரையும் நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல அதுவரை யாரும் வரவில்லை.

வழக்கு அத்தோடு முடியவில்லை. சொல்லே இல்லாமல் மரியாதை எப்படி வரும் என்ற கேள்வி எழுந்தது. சமூகத்தினரே முன்வந்து சொற்களைத் தொகுத்தார்கள். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது: திருநர், ஊடுபால், பால்புதுமையர் என்று வரும் சொற்கள். மகன் வாய்திறந்த இரவில் கப்பாரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் விழித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அந்தப் பட்டியலைப் படிக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.